உங்கள் தங்கையைப் படகிலிருந்து இறக்குவது குறித்து

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையை நம்பி வாழும் கணவன் எழுதிக்கொள்வது. அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே உங்கள் தங்கை சுகம். எனக்குத்தான் தோள்பட்டை, இடுப்பு, மானம் மூன்றும் போய்விட்டன.

நீங்கள் இந்த ஞாயிறே புறப்பட்டு வந்து அவளைப் படகிலிருந்து இறக்கிவிட வேண்டும். அண்ணன் சொன்னால்தான் கேட்பாள். டெலிபோன் ஆபீசில் ஊரையே பேச வைத்தவள், ஓய்வு பெற்றபின் வாயே திறக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததை நீங்களே பார்த்தீர்கள். காற்றாட வெளியே கூட்டிப்போங்கள் என்றார் டாக்டரம்மா. நானும் நல்ல பிள்ளையாக ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். நம்ம ஆறு ஊற்றிலிருந்து வருவது, அடிமணல் வரைக்கும் தெரியும். அதை ஆகாயத்தாமரை மூடிக்கொண்டு வருகிறது, அள்ளிப்போட ஆள் வேண்டும் என்று படகுக்காரர் சொன்னதுதான் தாமதம், இவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். நீச்சல் தெரியாதவள் மச்சான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தனியே விட முடியுமா, நானும் ஏறினேன்.

கல்யாணமான நாளிலிருந்து முகத்தைப் பார்த்துத்தானே சண்டை போட்டுப் பழக்கம், அதே மாதிரி எதிர்முகமாக உட்கார்ந்தேன். அவளும் துடுப்புப் போடுகிறாள், நானும் போடுகிறேன், படகு நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. கரையில் இருந்தவர்கள் ஏதோ வித்தை என்று கைதட்டினார்கள். அப்புறம் என்னைத் திருப்பி உட்கார வைத்துக் களையைப் பிடுங்கச் சொன்னாள். ஊதாப்பூ பூத்து அழகா இருந்ததைப் போய் எப்படிப் பிடுங்குறது, பாவம்னு விட்டுட்டு, தண்ணிக்கடியில நாடா நாடாவா அசைஞ்ச புல்லை ஒரு கூடை பிடுங்கி வச்சேன். மீன் முட்டை போடுறதே அந்தப் புல்லுலதானாம். ஊதாப்பூதான் ஆகாயத்தாமரையாம். போன்ல பேசுற அதே மரியாதைக் குரல்ல, ஆத்து நடுவுல வச்சு என்னைத் திட்டினா பாருங்க, அத்தனை நாள் பேசாததெல்லாம் வட்டியும் முதலுமா வந்துச்சு. இறங்கி மிதிச்சா அடிமணல் கெட்டுடுமாம். அதனால படகுல குப்புறப் படுத்து, கையை விட்டு, புல்லை ஒவ்வொண்ணா திரும்ப ஊன்றினா. நான் அவ ஜாக்கெட் வாரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். போதும், வீட்டுக்குப் போகலாம்னு கெஞ்சினேன்.

"ரிட்டையர் ஆனப்புறம் என்னால யாருக்கும் ஒரு உபயோகமும் இல்லைன்னு இருந்தேன்," என்றாள். "இந்த ஆத்துக்கு நான் வேணும்."

"அப்ப எனக்கு?"

"நீங்க சொன்னதே இல்லையே."

நான் வாரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன் மச்சான்.

இப்போது தினமும் விடிந்தால் ஆறுதான். தண்ணீர்மேல் குனிந்தபடியே இருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அவளை விட்டால் எனக்கு யார் இருக்கா? ஆகவே தயவுசெய்து வந்து தடுக்கவும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
காயாத துணியுடன்,
உங்கள் மைத்துனன்

பி.கு.: வர வேண்டாம். அவளிடம் இத்தனை வருஷம் சொல்லாததை இன்று காலை படகில் சொல்லிவிட்டேன். அவள் துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் போன போக்கில் போனோம். மீறி வருவதாக இருந்தால் உங்களுக்கு வேறு படகு பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ரெண்டு பேருக்குத்தான் இடம்.