மெஷினோடு இறங்கிய பாட்டு

எனக்குப் பாட வரும் என்று இருபத்து நான்கு வயதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை போன இடம் ஒரு மின்நிலையம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. ஞாயிறானால் மாதா கோயிலில் பாடகன். அந்த வருஷம்தான் கொழும்புக்குப் போன தோணியோடு அப்பா கடலில் போய்விட்டார். உடல்கூடக் கிடைக்கவில்லை. அம்மா வாசலைத் தாண்டுவதையே விட்டுவிட்டாள்.

அக்கா மாப்பிள்ளைக்கு, தாமிரபரணி இறங்கி வரும் மலையடிவாரத்தில், பழைய நீர்மின் நிலையத்தில் வேலை. வெள்ளைக்காரன் காலத்துக் கல் கட்டடம். அதன் மெஷின் ஹாலில்தான் வருஷா வருஷம் கலைவிழா நடக்கும். அத்தான் என் பெயரைக் கொடுத்துவிட்டு, அம்மாவையும் கூட்டிவரச் சொல்லி எழுதியிருந்தார். அப்பா தவக்காலத்தில் பாடுகிற மாதா புலம்பல் பாட்டைப் பாடப்போகிறேன் என்றதும் அம்மா கிளம்பிவிட்டாள். (கலைவிழாவில் யாராவது ஒப்பாரி வைப்பார்களா? நான் வைத்தேன்.)

மற்ற மெஷின்களை நிறுத்தி, இடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்தார். நான் மெஷினின் சுருதியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் அடியில் அவர் கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். சொக்கிப்போய்விட்டார் என்று நினைத்தேன்.

மூன்றாம் அடியில் ஏதோ கோளாறென்று மெஷினை நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய சக்கரம் உடனே நிற்காது. அதன் ரீங்காரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நானும் கூடவே இறங்கினேன். மெஷின் நின்றது. நானும் நின்றேன். பாட்டில் இரண்டு அடி பாக்கி.

யாராவது சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். அப்பா நினைப்பில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று அத்தான் மைக்கில் அறிவித்தார். ஹால் முழுக்க எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது. முன்வரிசையில் அம்மா மட்டும் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ் முழுக்க மெஷினைத் திட்டிக்கொண்டு வந்தேன். அதோடு கோயிலிலும் பாடுவதை விட்டேன். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் மெஷின் கதைதான்.

பல வருஷம் கழித்து, அம்மா படுக்கையில் விழுந்தபோது, அப்பா பாட்டை ஒருதரம் பாடச் சொன்னாள். அக்காவும் பக்கத்தில் இருந்தாள். ஃபேனைக்கூட நிறுத்திவிட்டுப் பாடினேன். கண்ணை மூடிக் கேட்டவள், இரண்டாம் அடியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இத்தன வருசமா அந்த மெஷின் மேல பழி போட்டியேலே," என்றாள். "பாவம், அது என்ன செய்யும்?"

அந்த வாரமே போய்விட்டாள்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது சாக்குச் சொல்ல ஆரம்பித்தால், "மெஷின் பாவம்" என்று அக்கா அடக்கிவிடுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், அம்மா அன்றைக்குப் பாட்டை முடிக்க விட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே.