பசியடக்கிக் கயிறு

1993, சித்திரை வெயில். வேங்கிக்கால் மைதானத்தில் மூன்று நாளாகத் திருவிழாக் கூட்டம். சக்கரச் சாமியார் சோறு தண்ணீர் இல்லாமல், காலைத் தரையில் ஊன்றாமல், சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருந்தார். கேட்டால் அருளாம்! நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தியானம். அப்போது மட்டும் சீடர்கள் இருவர் வேட்டியை விரித்து மறைத்துக்கொண்டு கூடவே ஓடுவார்கள். தியானம் என்றால் ஒரு மறைவு வேண்டாமா? "பசியடக்கிக் கயிறு, பதினொரு ரூபாய்! இடுப்புல மூணு சுத்து!" என்று ஒலிபெருக்கி அலறியது. பட்டம் வாங்கியவர்களும் சட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

பொன்னியின் கணவன் செழியனும் நின்றான். மறுநாள் விடியலில் அவன் சைக்கிளில் கன்னியாகுமரிக்குக் கிளம்புகிறான். இரண்டே நாளில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். எந்த ஊரில் இளைப்பாறுவது, எங்கே தண்ணீர் பிடிப்பது, எத்தனை கடலைமிட்டாய், எத்தனை டியூப் என்று பொன்னி ஒரு மாதமாகப் பட்டியல் போட்டிருந்தாள். இடுப்பில் கயிறு ஏறியதும் பட்டியல் குப்பைக்குப் போனது.

"தண்ணி கேன் எதுக்குடி? வெயிட்டு ஜாஸ்தி. சாமியே பச்சத்தண்ணி குடிக்கல."

இந்த மனுஷன் உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் சுருண்டு விழுவான் என்று அவளுக்குத் தெரியும். ஆத்திரத்தோடு சாமியாரையே உற்றுப் பார்த்தாள். சைக்கிளில் செருகியிருந்த பம்பைச் சுற்றி ஒரே ஈ. காற்றடிக்கிற பம்பில் ஈக்கு என்ன வேலை?

"சாமி, எங்க வூட்டுக்காரரு டயர்ல காத்து கம்மியா இருக்கு. உங்க பம்பைக் குடுங்க."

"அது மந்திரப் பம்பு, தாயே. தொடக்கூடாது."

பக்தர்கள் விடுவார்களா? "சாமி பம்புல அடிச்சா பஞ்சரே ஆவாதுடா!" என்று ஓடிப்போய் அவர்களே பிடுங்கி வந்தார்கள். சைக்கிள் கடை இருசப்பன் அதை டயரில் மாட்டி ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினார். டயர் நனைந்தது. விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"அட, நன்னாரி சர்பத்து!"

கூட்டம் திருதிருவென்று விழித்தது. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி காத்தையே சர்பத்தாக்கிட்டாரு!"

"அப்ப அந்த சர்பத்தைத் திரும்பக் காத்தாக்கி இந்த டயர்ல ஏத்தச் சொல்லுங்க" என்றாள் பொன்னி.

எல்லோரும் சாமியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்ன சொல் தவறாதவர். நிற்காமல் ஓட்டுவேன் என்றவர், நிற்காமலேயே வேலூர் சாலையில் மறைந்தார். சீடர்கள் வேட்டியோடு பின்னால் ஓடினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செழியன் தலையைச் சொறிந்தான். "அந்தப் பட்டியலு..."

"குப்பையில போடுவீங்கன்னு தெரிஞ்சுதான் ரெண்டா எழுதினேன்."

பொன்னி அவன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, தண்ணீர் கேனைக் கேரியரில் இறுக்கிக் கட்டினாள். அந்தக் கயிற்றுக்கு ஓர் உருப்படியான வேலை கிடைத்துவிட்டது. அதைக் காசு கொடுத்துக் கட்டிக்கொண்டவர்களின் மூளைக்கு எப்போது கிடைக்கும்?