பூதத்துக்குப் பசித்தால்

இரும்பு உருக்கும் உலைக்குப் பக்கத்தில் பத்து வருஷமாக வேலை பார்ப்பவன் மணவாளன். அங்கே ஒருநாளும் வராத பயம், அந்த ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி வீட்டில் வந்தது. "நானும் ஆடுறேன் மாமா" என்று பெண்டாட்டி பூமிகா பாயில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிறுதோறும் நடக்கும் பகடை ஆட்டம் அது. நடத்துவது அவன். குள்ளர், மாயாவி, பூதம் என்று ஆளுக்கொரு இனம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, அவன் சொல்லும் கதைக்குள் நடந்து புதையல் குகைக்குப் போகவேண்டும். எதிரிகளுக்கு அவன் உருட்டுவான்.

"நான் பூதம்" என்றாள்.

கூட வேலை செய்யும் ஸ்டீவன் குள்ளனை எடுத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தான்.

"பந்தயம் மாமா. நான் குகைக்குள்ள பூந்துட்டா, இனிமே ஞாயித்துக்கிழமை ஆட்டம் கெடையாது. பள்ளிப்பட்டு வந்து எங்க நைனா கழனியில வேர்க்கடலை புடுங்கணும். கடலை முடியிற வரைக்கும்."

"உன்னால பூர முடியலன்னா?"

"ஞாயித்துக்கிழமையைப் பத்தி வாயே தெறக்க மாட்டேன்."

ஸ்டீவன் எதிரில் பின்வாங்கவா முடியும்? சரி என்றான். அப்புறம்தான் கணக்குப் போட்டான். மாமனார் கழனி நாலு ஏக்கர். பூதமோ ஒரே குத்தில் மதிலை இடிக்கும். வாள் வெட்டாது, நெருப்பு சுடாது. ஆசை ஆசையாக நோட்டில் எழுதி வைத்தது அவனேதான்.

"இரு, இரு. பூதத்துக்குப் பலம் ஜாஸ்தியாகீது. குள்ளனுக்கு நியாயம் வேணாமா?" நோட்டில் அவசரமாக எழுதினான். "அரை மணிக்கொரு தடவ வவுறு நெறைய துன்னணும். இல்லன்னா நின்ன எடத்துலயே தூங்கிப்பூடும். யார் வேணா தாண்டிப் போலாம்."

"சரி."

நாலு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் இத்தனை சீக்கிரம் சரி சொன்னது இரண்டே தடவை. இரண்டு தடவையும் அவன்தான் மாட்டிக்கொண்டான்.

"எல்லா பூதத்துக்கும் இதே சட்டந்தான மாமா?"

"பூதம்னா பூதந்தான். ஆளுக்கொரு சட்டம் போட்டா அது ஆட்டமா?"

"கையெழுத்து போடு. ஸ்டீவன் அண்ணா சாட்சி."

போட்டான்.

கிளம்புமுன் ஆளுக்குப் பத்துப் பொருள் எடுத்துக்கொள்ளலாம். ஸ்டீவன் வாள், கேடயம், கயிறு என்று அடுக்கினான். பூமிகா பத்தும் புளிசோற்றுப் பொட்டலமாக எடுத்தாள்.

"ஆயுதம் வேணாமா?"

"புள்ளக்காரி மாமா நான். ஊட்ட உட்டுக் கெளம்பினா மொதல்ல எடுக்குறது சோத்து டப்பாதான்."

வழியெல்லாம் தின்றுகொண்டே ஒன்பதாவது பொட்டலத்தில் அவளுடைய பூதம் குகை வாசலுக்கு வந்துவிட்டது. மணவாளன் குரலைக் கனமாக்கினான். "வாசலில், ஆயிரம் வருஷமாக அசையாமல் நிற்கிறது ஒரு காவல்..."

நோட்டைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"யாரு மாமா காவலு?"

"காவக்காரன் ஒருத்தன்."

"இன்னா இனம்?"

ஸ்டீவன் எட்டிப் பார்த்தான். "பெரும்பூதம்னு போட்டுக்கீதும்மா."

"ஆயிரம் வருஷமா நிக்கிறாரே, யாராவது சோறு போட்டாங்களா?"

மணவாளன் நோட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான்.

"இல்ல" என்றான், தனக்கே கேட்காத குரலில்.

"அப்ப தூங்கிக்கினு இருப்பாரு, பாவம். நான் சத்தம் போடாம உள்ள போறேன்."

"உனக்கு எப்பிடிடீ தெரியும், காவலுக்குப் பூதம்னு?"

"நோட்ட அடுப்பு மேடை மேல போட்டுட்டு வேலைக்குப் போற. குக்கர் விசிலடிக்கிற வரைக்கும் நான் இன்னாத்த படிக்கிறது?"

அடுத்த ஞாயிறு காலை, பள்ளிப்பட்டு பஸ்ஸில் புளிசோற்றுப் பொட்டலத்தை அவன் மடியில் வைத்தாள்.

"அரை மணிக்கொரு தடவ துன்னுக்க மாமா. கழனியில தூங்கிட்டன்னா, நைனா தாண்டிப் போற ஆளு இல்ல."