குழாயடியில் பாதி ஊர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சின்ன வயதில் யார் என்ன கேட்டாலும் தலையாட்டுவேன். (வேண்டாம் என்பதற்கும் அதே ஆட்டம்தான்.) அந்த ஆட்டத்தால் ஒருமுறை காஞ்சிபுரத்தில் பாதிப் பெண்களின் மானம் போயிற்று.

நைலான் புடவை ஊருக்குள் வந்த புதிது. எங்கள் வீட்டுத் தறியில் பட்டு ஓடும். அதை யாரோ கட்டுவார்கள். அன்று காலை நான் அண்ணியின் நைலானைக் கட்டிக்கொண்டு தெருக்குழாயில் நின்றேன். கம்பில் காயப்போட்ட நூலிலிருந்து சிவப்புச் சாயம் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் குடம் வழிந்ததுகூடத் தெரியவில்லை.

பத்திரிகைக்காரர் ஒருவர் நோட்டோடு வந்தார். "நைலான் புடவை பிடிக்குமாம்மா?"

"தோச்சா ஒடனே காஞ்சிருதுபா," என்றாள் அண்ணி. நான் தலையாட்டினேன். எதிர்வீட்டு அக்காக்கள் இருவரும் "பட்டுதான்" என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன். அவர் அதற்குள் நோட்டை மூடிவிட்டார்.

அடுத்த வாரம் ஐயம்பேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்களும் பட்டுத் தறிக்காரர்கள். இரண்டு வரன் தட்டிப்போய் இது மூன்றாவது என்பதால் அம்மா கூடத்தைவிட்டு நகரவேயில்லை. அப்பாவோ, "பொண்ணு பேப்பர் படிக்கும்," என்று பெருமையாக அன்றைய தாளை என்னிடம் நீட்டினார்.

பெரிய எழுத்தாகப் பார்த்துப் படித்தேன். "பட்டு நகரில் பட்டுக்கு மவுசு போனது! பாதிப் பெண்கள் நைலானுக்குத் தாவினர்!"

பிள்ளையின் அம்மா வெற்றிலையைக் கீழே வைத்தாள். "பட்டுல சோறு துன்னுக்கினு இப்படிப் பேசறாளுங்களே. அந்தப் பாதியில ஒருத்திகூட எங்க வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது."

"நம்ம தெருவுல அப்படி யாரும் கெடயாதும்மா," என்றார் அப்பா.

நானும் கோபமாகத் தலையாட்டினேன். அந்தப் பாதிப் பெண்கள் யாராக இருக்கும் என்று மனசுக்குள் தெருத்தெருவாகப் போய்த் தேடிக்கொண்டே பொடி எழுத்துக்கு வந்தேன். "தெருக்குழாயில் தண்ணீர் பிடித்த பெண்களிடம் கேட்டபோது..."

குரல் நின்றுவிட்டது. அண்ணி மெல்லச் சமையலறைக்குள் நழுவினாள்.

பிள்ளை என்னையே பார்த்தார். "குழாயடியில எத்தினி பேருமா இருந்தீங்க?"

"நாலு பேரு."

"நைலான்னு சொன்னது?"

பொய் சொல்லவும் வாய் வேண்டுமே. "நானும் அண்ணியும்," என்றேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை தன் அம்மா பக்கம் திரும்பி, "ஊர்ல பாதி இந்த ஒரே வூட்லதாம்மா இருக்குது. வுட்டுட்டுப் போனா அப்புறம் பொண்ணு கெடைக்காது," என்றார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வெற்றிலைச் சாறோடு வந்துவிட்டது. என் புடவையில் தெறித்த கறை போகவேயில்லை. (அன்று கட்டியிருந்தது பட்டு.)

இன்றும் டிவியில் 'மக்களில் பாதிப் பேர்' என்று வந்தால் எங்கள் வீட்டில் யாராவது, "குழாயடியில எத்தினி பேருப்பா?" என்று கேட்டுவிடுவார்கள்.

ஒரு சந்தேகம். அன்று மூலைவீட்டு ருக்குமணியும் குடத்தோடு நின்றாளோ என்று இப்போது தோன்றுகிறது. தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். அவள் இருந்திருந்தால் ஐந்து பேர். அந்தப் பாதியும் பொய்.