ஆட்சேபணை அண்ணாச்சி ‘சரி’ சொன்ன காலம்

தச்சநல்லூரில் சூரியன்கூட எங்கள் தெரு ஆட்சேபணை அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உதிக்க வேண்டும். பந்தியில் இலை போட்ட திசையிலிருந்து மாப்பிள்ளை அழைப்பில் மேளம் அடித்த வேகம் வரைக்கும் எல்லாவற்றிலும் அவருக்கு ஆட்சேபணை உண்டு.

அப்படிப்பட்டவரைப் பக்கவாதம் தாக்கியது. வலது கை விழுந்தது, பேச்சும் போனது. ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: “சரி.” எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அதுதான் வந்தது. வாய் “சரி” என்னும். கண் நெருப்பைக் கக்கும்.

மனிதர்கள் எவ்வளவு மட்டமானவர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரன் வந்து, “அண்ணாச்சி, காரை ஒங்க வாசல்ல நிப்பாட்டிக்கிடுதேன்” என்றான். “சரி.” கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒலிபெருக்கியை அவர் சன்னலில் கட்டினார்கள். “சரி.”

நான் சண்டைக்குப் போனேன். “அவரே சரின்னுட்டாரு, ஒமக்கு என்னவே?” என்றான் எதிர்வீட்டுக்காரன்.

பாளையங்கோட்டையில் அக்குபங்சர் செய்யும் டாக்டரம்மாவிடம் அவரைக் கூட்டிப் போனோம். தலையில் கம்பிகள் தொங்கும் தொப்பியை மாட்டி, ஊசி குத்தும்போது மூளை எப்படி வேலை செய்கிறது என்று திரையில் பார்ப்பாராம்.

“ஊசி குத்தலாமா?”

“சரி.”

“அவுக சரின்னா சம்மதம்னு அர்த்தமில்ல டாக்டர்” என்றார் அண்ணாச்சியின் மனைவி.

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டார். “அப்போ சம்மதம்னா தலையாட்டுங்க. வேண்டாம்னா விட்டுருதேன்.”

அத்தனை பேரில் அவரை முறையாகக் கேட்டது அந்த அம்மாள் ஒருவர்தான். அண்ணாச்சி நெடுநேரம் யோசித்துத் தலையாட்டினார்.

“இப்போ விரலை மடக்க நெனைங்க.” விரல் அசையவில்லை, திரையில் கோடுகள் மாறின. “மூளை முயற்சி பண்ணுது, பாத்தீங்களா? ஊசி மட்டும் போதாது, பயிற்சியும் வேணும்.”

மாதங்கள் ஓடின. விரல்கள் மடங்கத் தொடங்கின. ஊசியாலா, பயிற்சியாலா, உள்ளே தேங்கிக் கிடந்த கோபத்தாலா என்று டாக்டரம்மாவாலேயே சொல்ல முடியவில்லை.

ஒருநாள் எதிர்வீட்டுக்காரன் மறுபடி வந்தான். “அண்ணாச்சி, மச்சினன் வண்டியும் இங்கனயே நிக்கட்டுமா?”

அண்ணாச்சியின் வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

“கா... காரை எடுலே.”

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவன் சாவியைத் தேடி ஓடினான்.

இப்போதும் சிகிச்சைக்கு அவரை நான்தான் என் காரில் கூட்டிப் போகிறேன். “என்னலே... மாட்டுவண்டி கணக்கா இந்த உருட்டு உருட்டுத?” என்று பாளையங்கோட்டை வரைக்கும் திட்டிக்கொண்டே வருகிறார். நான் இன்னும் கொஞ்சம் பையப் போகிறேன்.