ஆறாம் நம்பர் படுக்கையும் பிளம்பரும்

பெங்களூரில் நான் வேலை பார்த்த பதினைந்து வருஷத்தில் பிளம்பர் அளவுக்குத் திட்டு வாங்கிய மனிதரைப் பார்த்ததில்லை. மேனேஜர் திட்டுவார், கேன்டீன்காரர் திட்டுவார், எங்களைக் கேட்கவே வேண்டாம். அவர் சாப்பாட்டுத் தட்டோடு வந்தால் மேசை காலியாகிவிடும்.

குழாய்க்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியில் பொம்மசந்திராவில் எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கு டிரைவர் எழுதிக்கொண்டிருந்தது. டிரைவர் என்பது கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நின்று பேசும் சின்ன புரோகிராம். அது வேலைக்காகக் கொஞ்சம் மெமரியை எடுத்துக்கொள்ளும். முடிந்ததும் திருப்பி விட்டுவிட வேண்டும். விட மறந்தால் அதுதான் லீக். சாதாரண புரோகிராம் என்றால் மூடினால் போதும், எடுத்தது திரும்பிவிடும். டிரைவர் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது. அது விழுங்கிக்கொண்டே போனால் மெமரி தீர்ந்து மெஷினே நின்றுபோகும், அணைத்துப் போட்டால்தான் மீளும். இந்த லீக்குகளைத் தேடிப் பிடிப்பது அவர் வேலை. அதனால் பிளம்பர். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அதையும் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

மெமரியை எடுக்கும்போது அதன்மேல் நாலெழுத்தில் ஒரு அடையாளம் ஒட்டலாம். ஊரில் எல்லோரும் டிரைவரின் பெயரை ஒட்டுவார்கள். பிளம்பர் எழுதினவன் பெயரை ஒட்ட வைத்தார். என் பக்கத்து சீட் வெங்கடசுப்ரமணியன் 'வெங்க்' ஆனான். நான் ரவி, ஆங்கிலத்தில் கச்சிதமாக நாலெழுத்து. அதற்காகவே என்மேல் அவருக்குக் கொஞ்சம் மதிப்பு. ஒவ்வொருவன் பெயரிலும் எத்தனை எடுத்தது, எத்தனை திரும்பியது என்று அவர் திரையில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் வெங்கைப் பார்க்க, அவனுக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா ஆபீசுக்கே வந்திருந்தார். வரவேற்பறையில் மாப்பிள்ளை பவ்யமாக உட்கார்ந்திருக்கிறான். பிளம்பர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"வெங்க், காலையிலேர்ந்து நீ எடுத்ததுல நாலாயிரத்துச் சொச்சம் திரும்பி வரவே இல்ல. தினமும் இதே கதைதான்."

பெண்ணின் அப்பா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். சம்பந்தம் அதோடு முடிந்தது. வெங்க் சண்டைக்குப் போனபோது பிளம்பர் சொன்னது: "நான் பொய் சொல்லலையே."

அப்புறம் இரண்டாயிரத்தொன்றில் அந்த ஆஸ்பத்திரி விஷயம் வந்தது. எட்டுப் படுக்கை உள்ள வார்டு. எட்டுப் பேரின் நாடித்துடிப்பையும் நர்ஸ் மேசையில் ஒரே திரை காட்டும். டிரைவர் எங்களுடையது. ஒரு காலை பத்து மணிக்கு அந்தக் கம்ப்யூட்டர் நின்றுபோனது. திரை கறுத்திருந்தால் கவனித்திருப்பார்கள். அது கடைசியாக வந்ததை அப்படியே காட்டிக்கொண்டு நின்றது. ஆறாம் நம்பர் படுக்கைக்கு நேரே எழுபத்திரண்டு என்று இருந்தது. மாத்திரை கொடுக்கப் போன நர்ஸ் தொட்டுப் பார்த்தபோது அதில் படுத்திருந்தவர் இறந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

எப்படியும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னாராம். எங்களைக் கூட்டிவைத்த மேனேஜர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "கரண்ட் பிராப்ளமா இருக்கும். வாரம் ஒருதரம் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லிடுங்க."

"அப்படிச் சொன்னா லீக் இருக்குன்னு நமக்குத் தெரியும்னு அர்த்தம் சார்" என்றார் பிளம்பர். கூட்டம் அங்கேயே கலைந்தது.

லேபில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. லீவு போட்டுவிட்டு அந்த வார்டில் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டாம் நாள் நர்ஸ் கேட்டிருக்கிறார்.

"நீங்க எந்தப் பேஷண்டோட ஆளு?"

"பேஷண்டோட இல்ல சிஸ்டர். அந்தக் கம்ப்யூட்டரோட ஆளு."

"அதுக்குமா துணைக்கு ஆள் விடறாங்க?" என்று கேட்டுவிட்டு அவர் செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். அதற்குள் பிளம்பர் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார். நோயாளிகள் சும்மா படுத்திருப்பதில்லை. புரள்கிறார்கள், பாத்ரூம் போகிறார்கள், அரிக்கிறது என்று ஒயரைப் பிடுங்குகிறார்கள். லேபில் நாங்கள் யாரும் ஒயரைப் பிடுங்கியதே இல்லை.

திரும்பி வந்து மூன்று நாள் ஒயரைச் செருகினார், பிடுங்கினார். செருகினார், பிடுங்கினார். முதல் நாள் சிரித்தோம். இரண்டாம் நாள், அவர் வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்லலாமா என்று வெங்க் கேட்டான். மூன்றாம் நாள் அவர் என் இடத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நோட்டைக் காட்டினார். ஒவ்வொரு பிடுங்கலுக்கும் திரும்பி வராத மெமரி ஒன்று கூடியிருந்தது. எல்லாம் என் பெயரில்.

நான் எழுதிய புரோகிராமைத் திறந்தேன். ஒயர் கழன்றிருந்தால் அங்கேயே திரும்பிவிடு என்று எழுதியிருந்தேன். மெமரியை விடும் வரி அதற்குக் கீழே இருந்தது.

"மேனேஜர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன் சார்."

"சொன்னா ரெண்டு பேரையும் அனுப்பிடுவாங்க. அப்புறம் யாரு திருத்துவா? எழுதினவனுக்குத்தான் அந்த இடம் புரியும். நீ உட்கார்ந்து சரி பண்ணு. இதைப் பார்த்து ஓகே பண்ணிக் கையெழுத்துப் போட்டவன் நான். அதை நான் எழுதிக்கறேன்."

எழுதினார். மேனேஜருக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு நேராக ஒன்று. கம்பெனிகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. மத்தியானமே அவர் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு நடந்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான்.

திருத்திய டிரைவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது. "ஈஜிபுரா வரைக்கும் போகணும். கூட வர்றியா?"

இறந்தவரின் வீடு. செக்யூரிட்டியைக் கூப்பிட்ட அதே நர்ஸ்தான் தெருவைச் சொல்லியிருந்தார். மழைத் தண்ணீர் நின்ற சந்தில் ஒற்றை அறை வீடு. அந்த அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அம்மா, அன்னிக்கு அந்த மெஷின் நின்னு போச்சு. உங்க வீட்டுக்காரருக்கு முடியாம போனதை அது காட்டல. அதைச் செஞ்சது நாங்க. தப்பு எங்களோடது" என்றார் பிளம்பர்.

அந்த அம்மா சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு, "கஷ்டம்னு டாக்டருங்க முன்னாடியே சொல்லிட்டாங்க" என்றார். "ஆனா தெரிஞ்சிருந்தா யாராச்சும் பக்கத்துல நின்னு கையைப் புடிச்சிருப்பாங்க இல்ல?"

அவரே தொடர்ந்து, "ஒயரு அரிக்குதுன்னு புடுங்கிப் போட்டுக்கிட்டே இருப்பாரு. நான்தான் திட்டி மாட்டிவுடச் சொல்வேன்" என்றார்.

"எழுதினவன் நான்தாம்மா" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"உனக்கு என்ன வயசு?"

"இருபத்தெட்டு."

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தார். போய்வாருங்கள் என்று சொல்லவில்லை.

வெளியே வந்ததும் நான் தண்ணீர் ஓரத்திலேயே நின்றுவிட்டேன். பிளம்பர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தாண்டவைத்தார். பஸ் ஸ்டாப் வரை அந்தப் பிடியை விடவில்லை. அடுத்த மாதம் அவர் பெங்களூரை விட்டே போய்விட்டார். கோயம்புத்தூர் பக்கம் என்று கேள்வி. அன்றைக்கு பஸ் வந்தது ஞாபகம் இருக்கிறது, ஏறியதும் ஞாபகம் இருக்கிறது. அவர் கையை எடுத்தது மட்டும் எனக்கு ஞாபகம் இல்லை.