அண்ணனுக்குக் கிடைத்த கைதட்டு

எனக்குப் போர்த்துக்கேய மொழி தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது மொத்தம் மூன்றே மூன்று நாள். அதற்குள் நான் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டேன்.

அண்ணன் அருள்தாசன் எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் பிறந்தார், லிஸ்பனில் செத்துப்போனார். கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வேலைக்குப் போகிற வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எங்களில் ஒருவருக்கும் விசா கிடைக்கவில்லை. அம்மா மகனின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது போனில்தான். அடுத்த நத்தாருக்கு எனக்கு மட்டும் விசா வந்தது. அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவன் பூசை கண்ட கோயிலிலை, சுவாமி அவன்ரை பேரை வாசிக்கிறதை என்ரை காதாலை கேக்கவேணும் மோனை. போனைப் பிடிச்சுக் காட்டு. எனக்கு அது போதும்."

லிஸ்பனில் வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி என்னை உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டி, அதற்கு அந்த ஊரில் என்ன பெயர் என்று சொன்னார். கிட்டத்தட்ட கதிரையேதான்! மேசை, யன்னல், சப்பாத்து, பாண், குசினி, அலுமாரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் நம்முடைய சொற்கள். நத்தார்கூட அவர்களிடமிருந்து வந்ததுதானாம். உப்புக்குளத்தில் ஒரு கந்தோரில் இருபது வருடம் கடிதம் எழுதிய எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணி, இவையள் எங்கடை பாஷையைக் களவெடுத்து மூக்காலை கதைக்கினம்" என்றேன்.

அந்த ஒரு வருடத்தில் அண்ணி முதல் தடவையாகச் சிரித்தாராம். பிறகு அவரே சொன்னார்.

பூசைக்குப் பெயர் கொடுக்க வேண்டிய நாளில் அண்ணிக்கு ஹோட்டலில் துப்புரவு வேலை. "பின்னேரம் வந்து நான் கதைக்கிறன் தம்பி, கொஞ்சம் பொறுங்கோ" என்றார். நான் பொறுப்பேனா? (பாஷைதான் தெரியுமே, பிறகென்ன!) தனியாகப் போனேன். கோயில் கந்தோரில் கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மா கொப்பியோடு இருந்தார். கதிரையும் அலுமாரியும் தெரிந்த எனக்கு, 'செத்துப்போனார்' என்பதற்கு ஒரு சொல் தெரியவில்லை. அண்ணனின் பெயரை எழுதிக் கொடுத்தேன். முதலாம் ஆண்டு நினைவு என்பதை ஆங்கிலத்தில் 'பெர்ஸ்ட் அனிவேர்சரி' என்று சொல்லி, ஒற்றை விரலையும் காட்டினேன்.

"அனிவெர்சாரியு!" அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. என் கன்னத்தை அன்பாகத் தட்டினார். (என்ன இரக்கமான சனம் எண்டு எனக்குக் கண் கலங்கிப்போச்சு.)

நத்தார் பூசையில் நிற்க இடமில்லை. பூசை முடிகிற நேரம் பீடத்தில் நின்ற சுவாமி ஒரு தாளை எடுத்தார். நான் அம்மாவை அழைத்து, போனைத் தலைக்கு மேலே பிடித்தேன். "அருள்தாசன்" என்று வாசித்தார். அடுத்து அவர் ஏதோ சொல்ல, கோயில் முழுவதும் சிரித்துக் கைதட்டியது. கண்ணாடி அம்மா என்னைக் கைகாட்டினார். சுவாமி இறங்கி வந்து, என் கையிலும் அண்ணியின் மடியிலும் எதையோ தேடினார்.

அண்ணி என் காதருகே வந்தார். "தம்பி, என்ன செய்தனீங்கள்? ஒரு வயசுப் பிள்ளையின்ரை பிறந்தநாளாம். ஆசீர்வதிக்கப் பிள்ளை எங்கை எண்டு கேக்கிறார்."

அந்த ஊரில் அனிவெர்சாரியு என்றால் பிறந்தநாளாம்.

அண்ணி எழுந்து சுவாமியிடம் மெதுவாக இரண்டு வார்த்தை சொன்னார். பிள்ளைக்காக உயர்ந்த கை அண்ணியின் தலையில் இறங்கியது. அவர் குலுங்கி அழுதார். பின்வரிசைக்காரருக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நின்றேன். அப்போது போனில் அம்மாவின் குரல் கேட்டது.

"மோனை, கைதட்டுகினமடா! என்ரை பிள்ளையின்ரை பேரைக் கேட்டுக் கைதட்டுகினம்! அவன் அங்கை இவ்வளவு மதிப்போடையா இருந்தவன்?"

"ஓம் அம்மா" என்றேன்.

இன்றுவரை அம்மாவுக்கு உண்மை தெரியாது. வெள்ளைக்காரர் தன் மகனுக்குக் கைதட்டிய கதையைத் தாழ்வுபாட்டில் அவர் சொல்லாத ஆள் இல்லை. ஒவ்வொரு வருடமும் எங்கள் கோயிலில் அண்ணனின் பெயர் வாசிக்கப்படும்போது அம்மா எழுந்து நின்று கைதட்டுவார். நாங்களும் தட்டுவோம். புதிதாக வந்த சுவாமி முதல் தடவை திடுக்கிட்டுப்போனார்.

பூசை முடிந்ததும் அண்ணி லிஸ்பனிலிருந்து போன் எடுப்பார். "பிள்ளைக்கு இப்ப எத்தினை வயசு தம்பி?" இது எங்கள் இருவருக்கும் மட்டுமான பகிடி.

போன நத்தாருக்கும் கேட்டார்.

"அஞ்சு, அண்ணி."

"அப்ப பள்ளிக்கூடத்திலை சேர்க்கவேணும்" என்றார். இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகும் போனை யாரும் வைக்கவில்லை.